பாறையில் இடித்த படகு மோட்டார்: விசிறியோடு முடிப்பதா, கியர் பெட்டியைப் பிரிப்பதா, மோட்டாரையே மாற்றுவதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து வாரக் கடைசியில் தூண்டிலோடு கிளம்புகிறவர்களில் பலர் செண்டரோ ஏரிக்குப் போகிறார்கள்; விடுமுறை கூடுதலாகக் கிடைத்தால் கெரிக்கைத் தாண்டித் தெமெங்கோர் வரை போகிறார்கள். இரண்டுமே பேராக் ஆற்றை மறித்துக் கட்டிய அணைகளால் உண்டானவை. 1930ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய செண்டரோ அணைதான் அந்த வரிசையில் மூத்தது. தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங் ஆகிய மூன்றும் அதற்கு மேலே இருக்கின்றன. மேலிருந்து எவ்வளவு நீர் திறந்துவிடப்படுகிறது, கீழே மின்நிலையம் எவ்வளவு இழுக்கிறது என்பதைப் பொறுத்துச் செண்டரோவின் மட்டம் ஏறி இறங்கும். ஆகவே போன மாதம் மோட்டாரை முடுக்கிக்கொண்டு போன அதே வழியில், இந்த மாதம் ஒரு பாறையின் தலையோ பழைய மரத்தின் அடிக்கட்டையோ நீர்ப்பரப்புக்கு ஒரு சாண் கீழே நின்றுகொண்டிருக்கலாம். இடித்த பிறகுதான் அது அங்கே இருப்பது தெரியவருகிறது.

இடித்துவிட்டுக் கரைக்கு வந்தவர்களிடமிருந்து எங்கள் ஊரில் நான் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றேதான்: "அண்ணே, விசிறிய மட்டும் மாத்திட்டா போதுமா, இல்ல பெட்டியப் பிரிக்கணுமா?" அவர்களுக்கு முன்னால் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. படகைத் தள்ளும் விசிறியை (புரொபெல்லரை) மட்டும் சரிசெய்வது அல்லது மாற்றுவது, கியர் பெட்டியைப் பிரித்து விசிறியைச் சுழற்றும் தண்டு, நீர் புகாமல் தடுக்கும் சீல், பேரிங் ஆகியவற்றை மாற்றுவது, கியர் பெட்டியை முழுதாகக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவது, மோட்டாரையே மாற்றிவிடுவது. இந்த நான்கில் எது என்பதை விசிறியின் தோற்றத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இதழ்கள் மூன்றும் சிதைந்து கிடக்கும் மோட்டாரில் தண்டு நூல் பிடித்தாற்போல் நேராக இருக்கும். இதழில் ஒரு கீறல் மட்டுமே உள்ள மோட்டாரில் தண்டு வளைந்து, சீல் விலகி, எண்ணெயில் நீர் கலந்துகொண்டிருக்கும். முடிவைச் சொல்லவேண்டியவை தண்டும் கியர் எண்ணெயுமே. அவை இரண்டையும் பார்ப்பதற்குச் சில திருகுகளைக் கழற்றும் அளவுக்குக் கருவி இருந்தால் போதும். ஈப்போவுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதில்லை.

ஏரியிலேயே செய்யவேண்டியவை

இடித்த உடனே மோட்டார் நின்றுவிட்டால், பெரிய சேதம் என்று எண்ணிப் பதறுவதற்கு முன் அவசர நிறுத்தக் கயிற்றைப் பாருங்கள். படகு சட்டென்று நிற்கும்போது ஓட்டுகிறவர் முன்னே சாய்வார். கையிலோ உயிர்காப்பு அங்கியிலோ மாட்டியிருக்கும் கயிறு பிடுங்கிக்கொண்டிருக்கும். பெட்ரோல் தொட்டியிலிருந்து வரும் குழாயும் அதே குலுக்கலில் மோட்டார்ப் பக்கத்திலிருந்து கழன்றிருக்கக்கூடும். இந்த இரண்டும் சரியாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகு, படகின் அடித்தளத்தில் நீர் ஏறுகிறதா என்றும், மோட்டாரைத் தாங்கும் பின்பலகையில் புது விரிசல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓட்டை விழுந்த படகில் மோட்டாரைப் பற்றிக் கவலைப்படுவதற்கு நேரம் இல்லை.

பிறகு கயிற்றைக் கழற்றி, எரிபொறிச் செருகியின் (ஸ்பார்க் பிளக்கின்) மூடியையும் இழுத்துவிட்ட பின்பே மோட்டாரைத் தூக்கி விசிறியைக் கையால் தொட வேண்டும். நியூட்ரலில் இருக்கிறது என்று நம்பிக் கையை வைப்பது ஆபத்து. இடித்த மோட்டாரில் கியர் மாற்றும் கம்பி விலகியிருந்தால் மேலே பிடி நியூட்ரலைக் காட்டும், கீழே பெட்டிக்குள் கியர்ப் பல்லு முன்கியரில் நிற்கும்.

விசிறி சுற்றுகிறது, இதழ் எதுவும் பெட்டியில் உரசவில்லை என்றால் நியூட்ரலில் கிளப்பி, குளிர்நீர் பீச்சும் துளையிலிருந்து நீர் வழக்கம்போல வருகிறதா என்று கவனிக்க வேண்டும். ஆழமில்லாத இடத்தில் இடித்தபோது மணலும் சேறும் உறிஞ்சப்பட்டு அந்தத் துளை அடைபடுவது உண்டு. மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிட்டும் நீர் வரவில்லையென்றால் மோட்டாரை ஓட்டாதீர்கள். துடுப்புப் போடுங்கள், அல்லது வேறு படகைக் கூப்பிடுங்கள். நீர் இல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டினாலும் குளிர்நீரை இறைக்கும் இம்பெல்லரின் ரப்பர் கருகிவிடும். அதற்கு மேலும் ஓட்டினால் பிஸ்டனே இறுகிவிடும். அப்போது நான்கு வழிகளில் கடைசி வழி ஒன்றுதான் மிஞ்சும்.

நீர் வருகிறது என்றால் குறைந்த வேகத்தில் கியரைப் போட்டு மூன்று செய்திகளைக் கேட்கலாம். எஞ்சின் சத்தம் ஏறுகிறது, படகு நகரவில்லை என்றால் ஷியர் பின் முறிந்திருக்கிறது, அல்லது விசிறியின் நடுவிலுள்ள ரப்பர் புஷ் பிடி விட்டிருக்கிறது. நியூட்ரலில் அமைதியாக இருந்த மோட்டார் கியர் போட்டதும் அதிர்கிறது, வேகத்தோடு அதிர்வும் கூடுகிறது என்றால் கோளாறு விசிறியிலோ தண்டிலோ இருக்கிறது. நியூட்ரலிலேயே அதிர்கிறது, கிளப்பக் கடினமாக இருக்கிறது, பின்வெடிப்புச் சத்தம் வருகிறது என்றால் பார்வையைக் கீழிருந்து மேலே திருப்ப வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். எதுவாக இருந்தாலும் கரைக்குத் திரும்புவது நடைவேகத்தில்தான். அதிரும் தண்டை வேகமாகச் சுழற்றினால், ஒரு சீலோடு முடியவேண்டிய செலவு பேரிங்குக்கும் பல்லுக்கும் போய்விடும்.

முதல் வழி: விசிறியோடு முடிப்பது

2 குதிரைத்திறன், 3.5 குதிரைத்திறன் போன்ற சிறிய மோட்டார்கள் பலவற்றில் விசிறியைத் தண்டோடு கட்டுவது ஒரு சிறிய ஷியர் பின். இடித்தால் தான் முறிந்து பல்லைக் காப்பதற்காகவே அது மென்மையாகச் செய்யப்படுகிறது. உபரிப் பின்னை மோட்டார் மூடிக்குள்ளேயே மாட்டிவைத்திருக்கும் மாதிரிகளும் உண்டு, பார்த்து வையுங்கள். கையில் கிடைத்த இரும்பு ஆணியை வெட்டிச் செருகுகிறவர்களை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். ஆணி முறியாது, அடுத்த இடியில் அதற்குப் பதிலாகத் தண்டோ பல்லோ முறியும்.

எங்கள் பக்கத்தில் அதிகம் காணப்படும் 15, 30, 40 குதிரைத்திறன் மோட்டார்களில் பின் கிடையாது. விசிறியின் குடத்துக்குள் அழுத்திவைத்த ரப்பர் புஷ்தான் அந்த வேலையைச் செய்கிறது. இடியில் அது குடத்திலிருந்து வழுக்கிவிட்டால், மெதுவாகப் போகும்போது படகு ஒழுங்காக நகரும். முடுக்கியதும் எஞ்சின் மட்டும் அலறும், படகு ஏறாது. இது உண்மையிலேயே புஷ்தானா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. விசிறியின் பின்முகத்தில் நடுக்குழலிலிருந்து வெளிக்குடம் வரை ஒரே நேர்க்கோடாகப் பெயிண்டால் இழுத்து, காய்ந்த பிறகு ஏரியில் சுமையோடு ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். உள்கோடும் வெளிக்கோடும் விலகியிருந்தால் புஷ் வழுக்குகிறது. கோடு அசையாமல் இருந்தும் படகு ஏறவில்லை என்றால் பிழை வேறிடத்தில். இந்தச் சோதனையைச் செய்யாமல் நேரே கார்பரேட்டரைப் பிரிக்கத் தொடங்குகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும்.

இதழ் மட்டும் வளைந்திருந்தால் சரிசெய்வதா, புதிது வாங்குவதா? அலுமினிய விசிறியில் விளிம்பின் சிறு பிசிறுகளை அரத்தால் மழித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு இதழில் எடுத்த அளவை மற்ற இரண்டிலும் எடுக்காவிட்டால் சமநிலை கெட்டு அதிர்வு வரும். இதழ் மடங்கியிருந்தால், அதைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவதைவிடப் புதிது வாங்குவதே மேல். தட்டிய இதழ் பார்வைக்கு நேராகத் தெரிந்தாலும் அதன் சாய்வு மற்ற இதழ்களோடு ஒத்துப்போகாது. வளைந்த இடத்தில் உலோகமும் தளர்ந்திருக்கும். புதிது வாங்கும்போது பழையதில் பொறித்திருக்கும் விட்டத்தையும், ஒரு சுற்றில் விசிறி முன்னேறும் தூரமான பிட்ச்சையும் பார்த்தே வாங்க வேண்டும். பிட்ச் ஓர் அங்குலம் மாறினால் முழு முடுக்கத்தில் எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 200 வரை மாறும்.

"ஸ்டெயின்லெஸ் போட்டுவிட்டால் உடையாதே" என்று சிலர் கேட்பார்கள். கடலில் நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு அது நல்ல தேர்வுதான். இதழ் மெலிதாகவும் விறைப்பாகவும் இருப்பதால் வேகமும் கிடைக்கும். ஆனால் பாறையும் கட்டையும் நிறைந்த ஏரியில் ஓடும் படகுக்கு நான் அலுமினியத்தையே சொல்வேன். அலுமினிய இதழ் மடங்கும்போதும் உடையும்போதும் இடியின் ஒரு பகுதியைத் தானே வாங்கிக்கொள்கிறது. எஃகு இதழ் மடங்காது. இடி புஷ்ஷையும் தாண்டித் தண்டுக்கும் பல்லுக்கும் போகும். விலையும் சில மடங்கு கூடுதல். உபரியாக ஓர் அலுமினிய விசிறியும், அதற்குரிய நட்டும், நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னும், ஒரு ஸ்பேனரும் படகில் இருந்தால் அதுவே பெரிய காப்பீடு.

தண்டையும் எண்ணெயையும் பார்ப்பது

விசிறியோடு முடிக்கலாமா என்பதை இந்த இரண்டு சோதனைகளே தீர்மானிப்பதால் இங்கே சற்று நிதானமாகச் செல்கிறேன்.

எரிபொறிச் செருகியின் இணைப்பைக் கழற்றி, மோட்டாரை நியூட்ரலில் நிறுத்தி, காட்டர் பின், நட்டு, வாஷர், விசிறி என்ற வரிசையில் எடுத்து, எடுத்த வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கி வையுங்கள். விசிறிக்குப் பின்னால் உள்ள தடித்த வாஷரையும் கழற்றினால் பெரும்பாலும் தூண்டில் நரம்பு சுருண்டு கிடக்கும். அதை எடுத்துவிடுங்கள், ஆனால் அதைப் பார்த்ததை மறந்துவிடாதீர்கள். இப்போது விசிறிக்கு மேலே உள்ள கிடைத்தகட்டில் ஒரு கம்பியை ஒட்டுநாடாவால் இறுக்கி, அதன் நுனி தண்டின் வழவழப்பான பகுதியை மயிரிழை இடைவெளியில் நெருங்கும்படி வளைத்துவிடுங்கள். தண்டின் கடைசி மரையையோ பின் துளையையோ அளவுக்கு எடுக்காதீர்கள். அங்கே அடிபட்ட தழும்பு கண்ணை ஏமாற்றும். பின்பு தண்டைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். இடைவெளி ஒரு சுற்று முழுவதும் ஒரே அளவாக இருந்தால் தண்டு நேர். ஒரு பக்கம் உரசி மறுபக்கம் விலகினால் வளைவு. வெறும் கண்ணுக்கு ஆட்டம் தெளிவாகத் தெரிகிறதென்றால், அதை ஏற்கத்தக்க அளவு என்று எந்தப் பட்டறையும் சொல்ல முடியாது. உற்பத்தியாளர்கள் அனுமதிப்பது மில்லிமீட்டரின் சிறு பின்னத்தைத்தான்.

ஐயம் தீராத நிலையில் வேறொரு வழியும் உண்டு. விசிறியை மாட்டியபடியே இதழ் நுனிகளைக் கம்பியோடு ஒப்பிட்டு, அதிகம் விலகும் இடத்தில் விசிறியிலும் தண்டு முனையிலும் ஒரு குறி இடுங்கள். பிறகு விசிறியை உருவி, மூன்றில் ஒரு சுற்றுத் திருப்பி மறுபடி செருகுங்கள். விலகல் விசிறியின் குறியோடு நகர்ந்தால் குற்றம் விசிறியில். தண்டின் குறியோடு அதே இடத்தில் நின்றால் குற்றம் தண்டில். ஐயத்துக்கு இடமில்லாத சோதனை இது. புது விசிறி வாங்கும் முன் இதைச் செய்தவர்கள் வீணாக வாங்கியதில்லை.

அடுத்தது எண்ணெய். மோட்டாரை ஓர் இரவு நேராக நிறுத்திவைத்து, காலையில் கியர் பெட்டியின் கீழ்த்திருகை முழுதும் கழற்றாமல் தளர்த்துங்கள். எண்ணெயைவிட நீர் கனமானது என்பதால், உள்ளே தனியாக நீர் இருந்தால் முதலில் அதுதான் சொட்டும். பிறகு திருகை முழுதும் எடுத்து, மேல்திருகையும் திறந்தால் எண்ணெய் இறங்கும். அது தேனிறத்திலோ கறுத்தோ இருந்தால் நல்லது. தே தாரிக்கைப் போல (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) வெளுத்து நுரைத்து வந்தால் நீர் கலந்து பல்லால் கடையப்பட்டிருக்கிறது. கீழ்த்திருகில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள்: மாவுபோன்ற சாம்பல்நிறக் குழைவு வழக்கமான தேய்மானம், விரலைக் குத்தும் சில்லு என்றால் பல்லோ கிளட்ச்சோ உடைந்திருக்கிறது.

இங்கே ஒரு நுட்பம். வெளுத்த எண்ணெயைக் கண்டதும் பாறைதான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முன்பு சொன்ன தூண்டில் நரம்பு சீலின் உதட்டை மாதக்கணக்கில் அறுத்திருந்தாலும் இதே நிறம் வரும். எண்ணெய் முழுவதும் சீராக வெளுத்திருந்தால் நீர் புகுந்து பல நாள் ஓடியிருக்கலாம். எண்ணெய் தெளிவாக இருந்து முதலில் மட்டும் நீர் சொட்டினால், இடித்த பிறகு புகுந்தது என்று கருத இடமுண்டு. தண்டும் நேராக இருந்து, எண்ணெயும் பழைய வெளுப்பாக இருந்தால் தேவைப்படுவது பெரும்பாலும் சீல் மாற்றம்தான்.

தண்டு நேர், எண்ணெய் தெளிவு, பெட்டியில் விரிசல் இல்லை: இந்த மூன்றும் சேர்ந்தால் விசிறியோடு முடித்துக்கொள்ளலாம். புது எண்ணெயைக் கீழ்த்துளை வழியாகவே ஏற்றி, மேல்துளையில் வழிந்ததும் மேல்திருகை முதலில் பூட்டி, பிறகு கீழ்த்திருகைப் பூட்டுங்கள். வாஷர்கள் புதியவையாக இருக்கட்டும். கழித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல், கழிவெண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாம் வழி: பெட்டியைப் பிரிப்பது

தண்டு வளைந்திருந்தால் இந்த வழி வந்துவிடுகிறது. தோட்டத்து டிராக்டர்களுக்கு வேலை செய்யும் கடைசல் பட்டறைகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் அவற்றின் கைத்திறன் குறையவில்லை. அங்கே கொண்டுபோனால், வளைந்த தண்டைப் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தருகிறேன் என்பார்கள். செலவும் புதுத் தண்டைவிட மிகக் குறைவு. ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். தண்டு மேற்பரப்பில் கடினப்படுத்தப்பட்டது. நிமிர்த்தும்போது கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழலாம், சீல் உட்காரும் இடம் கீறப்படலாம். பொழுதுபோக்குக்காகக் கரையோரம் ஓட்டுகிறவர் தெரிந்தே அந்தத் துணிவை எடுத்துக்கொள்ளலாம். தெமெங்கோரின் நடுவே பயணிகளை ஏற்றிச் செல்கிறவர் எடுத்துக்கொள்ளக் கூடாது.

புதுத் தண்டு போடும்போது அதைச் சுற்றியுள்ள சீல்களையும் ஓ-ரிங்குகளையும் சேர்த்தே மாற்றுவதுதான் சிக்கனம். அவற்றின் விலை கூலியோடு ஒப்பிட்டால் அற்பம். பேரிங்கைக் கையால் சுற்றி, கரகரப்பு இருந்தால் அதையும் மாற்றுங்கள். பல்லுகளில் ஒன்றை மாற்ற நேர்ந்தால் நிலைமை வேறு: பல்லுகளுக்கிடையேயான இடைவெளியைச் ஷிம் தகடுகளால் அளந்து வைக்க வேண்டும். அளவுக் கருவியும் அந்த மாதிரிக்கான கையேடும் இல்லாத இடத்தில் இதைக் கொடுக்காதீர்கள். கப்சாய் (சிறிய மோட்டார் சைக்கிள்) எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குக்கும் இது புதிய வேலை. விசிறி, எண்ணெய், இம்பெல்லர் ஆகியவற்றை ஊர்ப் பட்டறையிலும், பல் வைக்கும் வேலையை முகவரின் பட்டறையிலும் செய்வதே என் பிரிவினை. பூட்டிய பிறகு, எண்ணெய் ஊற்றுவதற்கு முன், மேல்துளை வழியாகச் சுமார் 10 பிஎஸ்ஐ காற்றழுத்தம் ஏற்றிச் சில நிமிடம் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யும் பட்டறையையும் செய்யாத பட்டறையையும் நான் ஒரே தட்டில் வைப்பதில்லை.

பெட்டிக்கு அடியில் கத்திபோல் நீளும் ஸ்கெக் தகடு உடைந்திருப்பது பார்வைக்கு அச்சம் தந்தாலும் பெரும்பாலும் சிறிய குறைதான். நுனி மட்டும் போயிருந்தால் அரத்தால் வழித்துவிட்டு ஓட்டலாம். பாதிக்கு மேல் போயிருந்தால் திருப்பும்போது படகு ஒரு பக்கம் இழுக்கும். அலுமினியம் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் துண்டு வைத்துக்கொள்ளலாம், அல்லது மேலே மாட்டும் உறை வாங்கலாம். பற்றவைப்பதானால் பெட்டியைப் பிரித்த நிலையில்தான். இல்லையென்றால் அந்தச் சூடு சீல்களைக் கெடுக்கும். உடைவு ஸ்கெக்கோடு நிற்காமல் பெட்டியின் சுவருக்குள் மயிரிழையாக ஏறியிருந்தால் கணக்கு மாறுகிறது. மண்ணையும் எண்ணெயையும் பெட்ரோலால் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அந்தக் கோடு தெரியும்.

மூன்றாம் வழி: பெட்டியை முழுதாக மாற்றுவது

சுவரில் விரிசல், உடைந்த பல், வளைந்த தண்டு ஆகியவற்றில் இரண்டு சேர்ந்துவிட்டால் பிரித்துச் சரிசெய்வதைவிட முழுப் பெட்டியைத் தேடுவது மலிவாக முடிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். புதியதாக வாங்கினால் ஷிம் வேலை தொழிற்சாலையிலேயே முடிந்திருக்கும். பழையது வாங்குவதானால் மூன்றைப் பொருத்திப் பாருங்கள். முதலாவது, மோட்டாரின் கால் நீளம். 15 அங்குலப் பின்பலகைக்கானதும் 20 அங்குலத்துக்கானதும் வெளியே ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளிருக்கும் நெட்டுத் தண்டின் நீளம் வேறு. இரண்டாவது, பல் விகிதம். ஒரே நிறுவனத்தின் ஒரே குதிரைத்திறனில் டூ ஸ்ட்ரோக்குக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கும் விகிதம் மாறுவதுண்டு, மாறினால் பழைய விசிறி பொருந்தாமல் எஞ்சின் திணறும் அல்லது அலறும். மூன்றாவது, நெட்டுத் தண்டின் மேல்முனைப் பற்களின் எண்ணிக்கை. இவற்றோடு, மேலே சொன்ன கம்பிச் சோதனையையும் எண்ணெய்ச் சோதனையையும் கடையிலேயே செய்யுங்கள். விற்கிறவர் எண்ணெய்த் திருகைத் திறக்க மறுத்தால் வாங்காமல் திரும்புங்கள்.

மேலே ஏறிய இடி

நியூட்ரலிலேயே அதிர்வும் பின்வெடிப்பும் இருந்தால் என்ன என்று முன்பு நிறுத்தினேன். விசிறி பாறையில் சட்டென்று நிற்கும்போது மேலே கனமான ஃப்ளைவீல் தன் வேகத்தில் தொடர்ந்து சுழல முயல்கிறது. அதைக் கிராங்க் தண்டில் நிலைநிறுத்தும் சிறிய உலோகக் கீ அப்போது நசுங்கலாம் அல்லது வெட்டுப்படலாம். ரப்பர் புஷ் நன்றாக இருக்கும் மோட்டாரில் இது அரிது. ஃப்ளைவீல் நட்டு தளர்ந்திருந்தால், அல்லது ஆணி செருகிய மோட்டார் என்றால் அரிதல்ல. கீ சில பாகை விலகினாலே தீப்பொறி வரும் நேரம் மாறி, எஞ்சின் கிளம்பினாலும் வலு இல்லாமல் ஓடும். பெட்ரோல் தொட்டியையும் கார்பரேட்டரையும் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் இது தீராது.

எரிபொறிச் செருகியைக் கழற்றி, துளை வழியாக ஒரு நீளமான பிளாஸ்டிக் குச்சியை விட்டு, ஃப்ளைவீலைக் கையால் திருப்பிப் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைப் பிடியுங்கள். அங்கே ஃப்ளைவீலின் குறி எஞ்சினில் உள்ள முள்ளோடு நேராக நிற்க வேண்டும். தெளிவாக விலகி நின்றால் புல்லரால் ஃப்ளைவீலைத் தூக்கிக் கீயைப் பார்க்க வேண்டும். சுத்தியலால் தட்டி எடுத்தால் கிராங்க் கெடும். கீ விலை மிகக் குறைவான பொருள். ஆனால் மாற்றும்போது கிராங்க் முனையின் கூம்புப் பகுதியில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, நட்டைக் கையேட்டில் சொன்ன முறுக்குவிசைக்கே இறுக்க வேண்டும்.

நான்காம் வழி: மோட்டாரையே மாற்றுவது

பின்பலகையைப் பிடிக்கும் கவ்விகளிலோ நடுக்காலிலோ விரிசல் விழுந்திருந்தால்தான் இதை நான் முதலில் நினைப்பேன். பின்கியரில் போகும்போது மோட்டார் தூக்கிக்கொள்ளாதபடி பூட்டும் கொக்கி மாட்டியிருந்த நிலையில் முன்னே ஓட்டி இடித்திருந்தால், மோட்டார் மேலே எகிற வழியில்லாமல் இடி முழுவதும் இந்தப் பகுதிகளுக்கே போயிருக்கும். ஆகவே இடித்தபோது கொக்கி எப்படி இருந்தது, படகு எந்த வேகத்தில் போனது என்பதை நினைவில் வைத்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். மற்றபடி, செலவு அதே வகைப் பழைய மோட்டாரின் விலையில் பாதியைத் தாண்டும்போது பழுதுபார்ப்பதை நிறுத்திவிடுவது என் வழக்கம்.

மாற்றுவதென்று முடிவானால் விசிறியே இல்லாத ஜெட் பம்பை நினைக்கிறவர்களும் உண்டு. ஆழமற்ற ஆற்றுக்கு அது பொருந்தும். ஆனால் வலுவில் ஏறக்குறைய 30 விழுக்காடு போய்விடும், இலையும் வேரும் மிதக்கும் ஏரியில் உறிஞ்சுவாய் அடைத்துக்கொள்ளும். தாய்லாந்துப் பாணி நீள்வால் எஞ்சினில் தண்டு சாய்வாக இறங்குவதால் பாறையைக் கண்டதும் கையாலேயே தூக்கிவிடலாம். சத்தமும், திருப்பத் தேவைப்படும் பெரிய இடமும் அதன் குறைகள். செண்டரோவில் வாரக் கடைசிக்கு மட்டும் ஓட்டுகிறவருக்கு இரண்டுமே தேவையில்லை. 15 குதிரைத்திறன் மோட்டாரும், உபரி அலுமினிய விசிறியும், நீர்மட்டம் இறங்கியிருக்கும்போது நடைவேகமும் போதும். மீன்பிடிப்பவர்களை ஏற்றிப் பிழைப்பவருக்கு முழுப் பெட்டி மாற்றமே சரி. பட்டறையில் மோட்டார் கிடக்கும் ஒவ்வொரு வாரக் கடைசியும் அவருக்கு வருமான இழப்பு.

எந்த வழியில் போனாலும், வேலை முடிந்து சில பயணங்கள் ஓடிய பிறகு மோட்டாரை மறுபடி ஓர் இரவு நிறுத்திவைத்து, கீழ்த்திருகைத் தளர்த்தி முதல் சொட்டைப் பாருங்கள். நீராக இருந்தால் எண்ணெயை நிரப்பிக்கொண்டு ஓட்டாமல், பெட்டியை அதே பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுபோய், காற்றழுத்தச் சோதனையை உங்கள் கண்முன்னே செய்து காட்டச் சொல்லுங்கள்.